சிவப்புப் பேஸ்ட் மறைத்த ரத்தம்

எங்கள் வீட்டில் வருசக்கணக்காகச் சிவப்பு நிறப் பேஸ்ட்தான். அப்பா காலத்துப் பழக்கம். துப்பினால் நுரை இளஞ்சிவப்பாக விழும். யாரும் அதைக் குனிந்து பார்த்ததில்லை. 2011 தீபாவளிக்கு வந்த மச்சினன் தன்னுடைய வெள்ளைப் பேஸ்ட்டை மறந்து வைத்துவிட்டுப் போனான். மறுநாள் காலையில் எங்கள் பேஸ்ட் தீர்ந்திருந்ததால் அதை எடுத்துத் தேய்த்தேன். துப்பிப் பார்த்தால் அன்றைக்கும் நுரை இளஞ்சிவப்பாகவே இருந்தது.

அப்போது எனக்கு 36 வயது. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கெழுதுகிறேன். ஈறிலிருந்து வந்த அந்த ரத்தத்துக்காகப் பல் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தது 2019-ல். நடுவில் எட்டு வருசம். அந்த எட்டு வருசமும் நான் சும்மா இருக்கவில்லை, ஏதேதோ செய்துகொண்டுதான் இருந்தேன். செய்த அத்தனையும் தப்பு. என் வயதுக்காரர்களிடம் பேசும்போதெல்லாம் அவர்களும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அம்மாவிடம் சொன்னேன். "உடம்புச் சூடு கண்ணு, எகிறுல எறங்குது" என்றார். எங்கள் பக்கம் ஈறை எகிறு என்போம். மோர், வெந்தயம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். மண்டியில் சொன்னேன். மஞ்சள் வைக்கச் சொன்னார்கள். மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு மஞ்சளுக்கா பஞ்சம்? உப்பும் மஞ்சளும் குழைத்துத் தேய்த்ததில் வாய் மஞ்சளானது, சட்டைக் காலர் மஞ்சளானது, ரத்தம் வந்தபடி வந்தது. மஞ்சளில் ஒன்றுமில்லை என்று சொன்னால் எனக்குச் சோறு போடும் தொழிலுக்குத் துரோகம். ஆனால் ஈறுக்குக் கீழே கல்லாக இறுகிக் கிடக்கும் ஒன்றின்மேல் எதைப் பூசினாலும் அது மேல்பூச்சோடு சரி. பேஸ்ட்டை மாற்றினேன். கிராம்பு போட்டது, உப்பு போட்டது, மூலிகை போட்டது என்று கடையில் இருந்ததையெல்லாம் வாங்கினேன்.

இதெல்லாம் பணத்துக்குக் கேடு, அவ்வளவுதான். பல்லுக்குக் கேடாக நான் செய்தது வேறொன்று. கீழ்வரிசையில் இடப்பக்கம், நாக்கைத் தொடும் உள்பக்கத்தில் பிரஷ் பட்டாலே ரத்தம் வரும். புண்ணாக இருக்கிறது போல, தேய்த்தால் இன்னும் கிழியும் என்று அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். தொடாததால் ரத்தம் குறைந்தது. சரியாகிக்கொண்டு வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்தது இதற்கு நேர்மாறு. பல்லைத் தேய்த்த சில மணி நேரத்திலேயே அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத வழுவழுப்பான படலம் ஒன்று படிய ஆரம்பிக்கிறது. முழுக்கக் கிருமிகள். அது ஈறின் ஓரத்தில் தங்கினால் அந்தக் கிருமிகளோடு சண்டை போட உடம்பு அங்கே ரத்தத்தைக் கூடுதலாக அனுப்புகிறது. ஈறு வீங்குகிறது, சிவக்கிறது, தொட்டால் கசிகிறது. ரத்தம் வரும் இடம்தான் அழுக்கு தங்கியிருக்கும் இடம். அந்த இடத்தைப் பார்த்து நான் தேய்க்காமல் விட்டேன். விட்ட படலம் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு காரையாக இறுகியது. காரை ஆகிவிட்டால் எந்தப் பிரஷ்ஷாலும் அதை எடுக்க முடியாது.

இதை நிரூபித்த சோதனை ஒன்று இருக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவப் பேராசிரியர் 1965-ல் வெளியிட்டது. நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார். பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்கச் சொன்னார். ஒரு வாரம் போல ஆனதும் ஈறு பழையபடி ஆகிவிட்டது. நான் அந்த இளஞ்சிவப்பு நுரையைப் பார்த்த 2011-ல் என் ஈறு இந்தக் கட்டத்தில்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு தடவை காரையை எடுத்துவிட்டு ஒழுங்காகத் தேய்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அதைத் தாண்டினால் வீக்கம் உள்ளே இறங்கிப் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைக்க ஆரம்பிக்கிறது. கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது. இதில் எனக்கு இன்னும் ஆறாத கோபம் என்னவென்றால், இவ்வளவு நடக்கும்போதும் வலிக்காது. சொத்தைப் பல் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடும். ஈறு நோய் எட்டு வருசம் என்னை நன்றாகத் தூங்க விட்டது.

வலிக்கவில்லையே தவிர வேறு வழிகளில் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடவாய்ப் பற்களுக்கு நடுவே கீரையும் கறி நாரும் சிக்க ஆரம்பித்தன. முன்பெல்லாம் சிக்காது. மண்டியில் பில் குத்தும் குண்டூசியால் நோண்டி எடுப்பேன். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். காலையில் வாயில் இரும்பை நக்கின மாதிரி ஒரு ருசி. மகள் சின்னவளாக இருந்தபோது மடியில் உட்கார்ந்து பேசுவாள். பிறகு பேசும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். வளர்கிறாள், கூச்சம் என்று நினைத்தேன். ஒருநாள் அவளே சொல்லிவிட்டாள்.

அப்புறம் போட்டோ. கல்யாண ஆல்பத்தில் என் மேல் முன்பற்கள் இரண்டும் ஒட்டி நிற்கின்றன. 2018-ல் பேங்குக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்தில் நடுவே தீக்குச்சி நுழையும் அளவு இடைவெளி. பற்களும் நீண்டிருந்தன. அதாவது ஈறு மேலே ஏறியிருந்தது. "பல்லுல சந்து இருந்தா காசு வரும்டா" என்றார் அம்மா. பிறவியிலேயே இடைவெளி இருந்தால் அது ஒரு விசயமே இல்லை. நாற்பது வயதுக்கு மேல் புதிதாக இடைவெளி விழுந்தால், முன்பல் முன்னால் எத்திக்கொண்டு வந்தால், அடியில் பிடிமானம் போகிறது என்று பொருள். வீட்டில் பழைய போட்டோ இருந்தால் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். செலவில்லாத சோதனை.

கடைசியில் என்னை டாக்டரிடம் தள்ளியது ஒரு வீக்கம். பெருந்துறையில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது இடப்பக்கம் ஈறு பொம்மென்று உப்பிவிட்டது. மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கினேன். மூன்று நாளில் வற்றியது. நான்கு மாதம் கழித்து மறுபடி. மறுபடி மாத்திரை. மூன்றாம் தடவை அழுத்தினால் சீழே வந்தது. வற்றிப்போன வீக்கம் குணமான வீக்கம் இல்லை என்று புரிய எனக்கு மூன்று தடவை தேவைப்பட்டது.

முதலில் போன இடத்தில் வாயைத் திறந்து பார்த்து, "காரை நெறைய இருக்கு, சுத்தம் பண்ணிடலாம்" என்று 20 நிமிசத்தில் மேலாகச் சுரண்டி அனுப்பிவிட்டார்கள். அளக்கவில்லை, எக்ஸ்ரே எடுக்கவில்லை. பல் பளிச்சென்று இருந்தது. இரண்டே மாதத்தில் அதே வீக்கம். தெரிந்த ஒருவர் சொல்லித்தான் ஈறு சிகிச்சைக்கென்றே எம்.டி.எஸ். படித்த ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார்.

அவர் கையில் ஊசி மாதிரி ஒரு கருவி. முனை மொட்டையாக இருக்கும். மில்லிமீட்டர் கோடுகள் போட்டிருக்கும். அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி அளந்தார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். அளந்தபடியே நர்ஸிடம் எண்களைச் சொல்லிக்கொண்டு போனார். "த்ரீ, டூ, த்ரீ. த்ரீ, த்ரீ, ஃபோர்..." நான் கணக்கெழுதுகிறவன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மனதுக்குள் நானும் எழுதிக்கொண்டே வந்தேன். கீழ் இடப்பக்கம் வந்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது. "சிக்ஸ், செவன், செவன். ப்ளீடிங்."

"என்னுங்க மேடம் கணக்கு?" என்று கேட்டேன்.

"எகிறுக்கும் பல்லுக்கும் நடுவுல சட்டைப் பை மாதிரி ஒரு சந்து இருக்கும்ங்க. மூணு மில்லிமீட்டர் வரைக்கும் சரி. நாலுக்கு மேல போனா கவனிக்கணும். உங்களுக்கு ஏழு இருக்குது. உங்க பிரஷ் அங்க எறங்காதுங்க."

எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். பற்களின் வேர்கள் ஏறக்குறைய முழுக்க எலும்புக்குள் இருக்க வேண்டியவை. என் கீழ்க் கடைவாயில் பாதிக்குமேல் வெளியே நின்றன. "ஊர்ல தோட்டம் இருக்குதுங்களா? கல்லுக்கால் நட்டு வேலி போட்டிருப்பீங்கல்ல. மழைக்குக் காலைச் சுத்தி மண்ணு கரைஞ்சு போச்சுன்னா கல்லு நல்லாத்தான் இருக்கும், நிக்காது. அதுதானுங்க இது. பல்லுல ஒரு சொத்தை இல்ல உங்களுக்கு." சொத்தையில்லாத பல்லை இழக்கப்போகிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "சக்கரை இருக்குதுங்களா?" இல்லை என்றேன். "கடைசியா எப்பப் பாத்தீங்க?" பார்த்ததே இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.7 வந்தது. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய். என் சர்க்கரை நோயைக் கண்டுபிடித்தது பல் டாக்டர் என்று சொன்னால் இன்றும் சிலர் சிரிக்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறி நின்றால் ஈறு கிருமியை எதிர்த்து நிற்கும் சக்தி குறைகிறது, எலும்பு வேகமாகக் கரைகிறது. ஈறில் தீராத வீக்கம் இருந்தால் சர்க்கரையை அடக்குவதும் கடினமாகிறது. ஈறைச் சரிசெய்த மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சுமார் 0.4 புள்ளி இறங்குவதாக 2022-ல் வந்த, பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. சர்க்கரை மாத்திரைக்குப் பதிலாக ஈறு சிகிச்சை என்று இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வருசக்கணக்காகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டும் ஒரு தடவைகூட வாயைக் காட்டாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாக்கை நீட்டச் சொல்லும் டாக்டர் ஈறைப் பார்ப்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

சிகிச்சை இரண்டு உட்காரலில் நடந்தது, முதலில் இடப்பக்கம், பத்து நாள் கழித்து வலப்பக்கம். மரத்துப்போகிற ஊசி போட்டுவிட்டு ஈறுக்குக் கீழே வேர்வரை போய்ச் சுரண்டி எடுத்தார்கள். மேலாகச் சுத்தம் செய்வது வேறு, இது வேறு. ஊசி போடும்போது சுருக்கென்றது, அப்புறம் சத்தம்தான். கரகரவென்று மண்டைக்குள் கேட்கும். முடிந்ததும் பஞ்சில் வைத்துக் காட்டினார். வெளியே இருக்கும் காரை மஞ்சளாக இருக்கும். ஈறுக்கு அடியில் இருந்தது கறுப்பு. அடுப்புக்கரிப் பொடி மாதிரி, ஆனால் கல். இதையா எட்டு வருசம் வாய்க்குள் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன் என்று இருந்தது.

இரண்டு வாரத்தில் வீட்டில் ஒரு சண்டை வந்தது. வீக்கம் வற்றியதும் ஈறு சுருங்கி, பற்களுக்கு நடுவே கறுப்புச் சந்துகள் தெரிந்தன. தண்ணீர் குடித்தால் பல் கூசியது. "நான் அப்பவே சொன்னேன்ல, சுத்தம் பண்ணுனா பல்லு ஆடும்னு. எனாமல் போயிருச்சு பாரு" என்றார் அம்மா. ஊரெல்லாம் இதே பேச்சுத்தான். உண்மை என்னவென்றால், அந்தச் சந்துகள் ஏற்கெனவே இருந்தவை. அவற்றைக் காரையும் வீங்கின ஈறும் அடைத்திருந்தன. இடிந்த சுவரில் அப்பின சேற்றைக் கழுவினால் இடிசல் தெரியத்தான் செய்யும். கூச்சம் ஒன்றரை மாதத்தில் பெருமளவு போனது. அதற்கென்று பேஸ்ட் எழுதிக்கொடுத்தார்கள். காரையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த பல் அதை எடுத்ததும் கொஞ்சம் ஆடுவது போலத் தோன்றலாம். என் முன்பற்கள் இரண்டு அப்படித்தான் ஆடி, பிறகு ஈறு இறுகியதும் ஆட்டம் குறைந்தது.

எட்டு வாரம் கழித்து மறுபடி அளந்தார். பெரும்பாலான இடங்கள் மூன்று, நான்குக்கு இறங்கியிருந்தன. கீழ் இடப்பக்கம் மட்டும் ஆறிலேயே நின்றது. அங்கே ஈறை லேசாகத் திறந்து நேரில் பார்த்துச் சுத்தம் செய்து தைத்தார்கள். ஒரு வாரத்தில் கறுப்புத் தையல் நூலைப் பிரித்தார்கள். கடைசிப் பல் ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. வேர் இரண்டாகப் பிரியும் கவட்டை வரைக்கும் எலும்பு போயிருந்தது. பிடுங்கிக் கையில் கொடுத்தார். ஒரு சொத்தை இல்லாத, முழுப் பல்.

எல்லாம் சேர்ந்து எனக்குப் பதினெட்டாயிரம் ஆனது. 2011-லேயே காரையை எடுத்திருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். தனியாரில் செய்ய வசதியில்லை என்றால் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள், மேலே ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருக்க, குறைந்த செலவில் நிதானமாகச் செய்கிறார்கள். நேரம் பிடிக்கும், ஆனால் அளக்காமல் விடமாட்டார்கள். எங்கே போனாலும் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "எகிறை அளந்து பாத்தீங்களா?"

என் அப்பாவுக்கு 52 வயதில் பற்கள் ஒவ்வொன்றாக ஆடி, கையாலேயே பிடுங்கிப் போட்டார். அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, எண்பது வயதுவரை முறுக்குக் கடித்தார். இத்தனைக்கும் அவர் பிரஷ்ஷைத் தொட்டதில்லை, வேப்பங்குச்சியும் சாம்பலும்தான். "அந்தக் காலத்துல யாரு பேஸ்ட் வெச்சாங்க?" என்று யார் ஆரம்பித்தாலும் நான் சொல்வதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். அதே ஹரால்ட் லோ 1970-ல் இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பார்க்க ஆரம்பித்தார். பல் தேய்க்கும் பழக்கமோ பல் வைத்தியமோ இல்லாதவர்கள். 15 வருசம் பின்தொடர்ந்து 1986-ல் வெளியிட்டார். 100-ல் 8 பேருக்கு நோய் வேகமாக ஓடியது, 81 பேருக்கு மெதுவாக நகர்ந்தது, 11 பேருக்கு ஈறு வீக்கம் இருந்தும் அதைத் தாண்டவே இல்லை. என் அப்பாரு அந்தப் 11 பேர் கூட்டத்து ஆள். அப்பா அந்த 8 பேர் கூட்டம். ஒரே வீட்டில் இரண்டு பேரும். நாம் எந்தக் கூட்டம் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால் அப்பாருவைக் காட்டித் தப்பிக்க முடியாது. அந்த ஆய்வைப் படித்தபோது இன்னொன்றும் தோன்றியது. உலகம் முழுக்கப் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிற இந்தக் கணக்கு, கொழுந்து பறிக்கும் தோட்டத்தில் ஒரு பிரஷ்கூட இல்லாமல் வாழ்ந்த நம் ஆட்களின் வாயிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த நினைப்பு எனக்கு அவ்வளவு லேசாக இல்லை.

மச்சினன் கதையையும் சொல்ல வேண்டும், அந்த வெள்ளைப் பேஸ்ட்காரன். நான் சிகிச்சைக்குப் போய்வந்த நாட்களில் கேலி செய்தான். "எனக்கு ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்ல மாமா, பாருங்க." ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பான். நிக்கோட்டின் ஈறின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும் என்பதால் புகை பிடிப்பவர்களுக்கு உள்ளே நோய் முற்றினாலும் வெளியே ரத்தம் அதிகம் வராது. எனக்காவது சிவப்புப் பேஸ்ட் மறைத்தது, அவனுக்குப் புகையே மறைத்தது. 2021-ல் போய்ப் பார்த்தபோது நான்கு பற்கள் போகும் நிலை. ஈறு நோய்க்கு 2018-ல் வந்த புதிய வகைப்பாட்டில் தினம் 10 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்தாலும், எச்பிஏ1சி 7 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் வேகமாக முற்றக்கூடிய 'சி' வகையில்தான் வைக்கிறார்கள். நானும் அவனும் ஒரே கிளாஸ். ஹான்ஸ் மாதிரி வாயில் அடக்கும் புகையிலைகளும் அடக்கிய இடத்திலேயே ஈறைக் கீழிறக்குகின்றன. புகையிலை கலந்த பல்பொடி போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பல் தேய்ப்பதாகவே நினைத்துக்கொண்டு.

அம்மாவுக்கு வேறு மாதிரி. ஈறு தடித்துப் பல்லின்மேல் ஏறிக்கொண்டு வந்தது. பி.பி.க்குச் சாப்பிட்ட அம்லோடிபின் சிலருக்கு அப்படிச் செய்யும். வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடாயினும் செய்யும். பி.பி. டாக்டர் மாத்திரையை மாற்றிக்கொடுத்தார். நாமாக நிறுத்தக் கூடாது. பல் டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையைக் கையோடு கொண்டு போய்விடுவது நல்லது. கர்ப்பிணிகளுக்கும் ஈறு வீங்கும், ரத்தம் வரும். பிள்ளை பிறக்கும்வரை பல் பக்கம் போகக் கூடாது என்று பெரியவர்கள் தடுப்பார்கள். சுத்தம் செய்துகொள்வதில் ஆபத்தில்லை, டாக்டரிடம் கர்ப்பம் என்று சொன்னால் போதும்.

கண்ணாடியில் எதைப் பார்ப்பது? நல்ல ஈறு ரோஸ் நிறத்தில் இருக்கும் என்று எங்கும் போட்டிருக்கிறது. நம்மில் நிறையப் பேருக்கு ஈறு பிறவியிலேயே கறுப்பு அல்லது திட்டுத்திட்டான பழுப்பு. அது தோல் நிறம் மாதிரி, நோயில்லை. கறுப்பை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். நல்ல ஈறின் ஓரம் மெல்லிசாகப் பல்லை ஒட்டியிருக்கும்; இரண்டு பல்லுக்கு நடுவில் கூராக இருக்கும். கெட்டால் அந்தக் கூர் மழுங்கி உருண்டு, பளபளவென்று, கத்திரிப்பூ நிறத்துக்கோ ரத்தச் சிவப்புக்கோ போகும். கீழ் முன்பற்களின் உள்பக்கத்தை நாக்கால் தடவினால் சொரசொரப்பாக ஒரு திட்டு தட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள். உமிழ்நீர் சுரக்கும் இடம் அது. காரை முதலில் கட்டுவது அங்கேதான்.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து வைத்து, இடத்தை விட்டு நகராமல் சின்னச் சின்னதாக அசைக்கிறேன். முன்பு செருப்புக்குப் பாலீஷ் போடுவது மாதிரி இழுப்பேன். அதில் பல்லின் வயிறுதான் தேயும், கோடு அப்படியே கிடக்கும். ராத்திரி தேய்ப்பதை விடுவதில்லை. தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைவதால் படலத்துக்கு அது விளைச்சல் காலம்.

அதைவிட முக்கியமானது பற்களுக்கு நடுவே விடும் குட்டி பிரஷ். பாட்டில் கழுவும் பிரஷ்ஷைக் குண்டூசி அளவுக்குச் சின்னதாக்கின மாதிரி இருக்கும். நான் கேட்ட மெடிக்கலில் "அப்படி ஒண்ணு இல்லீங்களே" என்றார்கள், ஆன்லைனில் வாங்கினேன். ஒவ்வொரு சந்துக்கும் அளவு வேறு. எனக்கு மூன்று அளவு, எது எங்கே என்று டாக்டரம்மா வாயில் வைத்தே காட்டினார். லேசாக இறுக்கமாகப் போக வேண்டும், திணிக்கக் கூடாது. அது நுழையாத நெருக்கமான முன்பற்களுக்குப் பல் இடுக்கில் விடும் நூல் (ஃப்ளாஸ்). வேப்பங்குச்சியும் எண்ணெய்க் கொப்பளிப்பும் செய்பவர்கள் செய்யட்டும், ஆனால் அவை இந்தச் சந்துக்குள் போவதில்லை. நோய் ஆரம்பிப்பது சந்தில்தான்.

முதல் நாள் அந்தக் குட்டி பிரஷ்ஷை விட்டபோது ரத்தம் முன்னைவிட அதிகமாக வந்தது. பழைய ஆளாக இருந்தால் விட்டிருப்பேன். "வந்தாலும் விடாதீங்க, பத்து நாள் பாருங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்பதாம் நாள் பிரஷ் வெள்ளையாக வெளியே வந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. பத்துப் பதினைந்து நாள் ஒழுங்காகச் சுத்தம் செய்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை என்றால் உள்ளே காரை இருக்கிறது, பல் டாக்டரிடம் போக வேண்டும். காரை எடுத்த பிறகும் நிற்கவில்லை, உடம்பில் வேறெங்கும் காரணமில்லாமல் ரத்தக் கன்றல் வருகிறது என்றால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். வாயில் புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் அது ஈறு விசயமாக இல்லாமலும் இருக்கலாம், உடனே காட்டுங்கள். வீக்கத்தோடு காய்ச்சலும் விழுங்கக் கஷ்டமும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு.

குளோர்ஹெக்சிடின் என்ற மவுத்வாஷை எனக்கு இரண்டு வாரத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். நன்றாக இருக்கிறதே என்று நான் இரண்டு மாதம் ஊற்றினேன். பல்லெல்லாம் டீக்கறை மாதிரி பழுப்பு, நாக்கில் உப்பு உறைக்கவில்லை, சாம்பாரில் உப்பில்லை என்று வீட்டில் சண்டை. சொன்ன நாளுக்கு மேல் வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் அளந்துகொண்டு வருகிறேன். சர்க்கரை 6.8-ல் நிற்கிறது; அதற்குக் காரணம் பெரும்பாலும் மாத்திரையும் நடையும், ஈறுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். இந்தப் பங்குனியில் மண்டியில் புது மஞ்சள் வரத்து. ராத்திரி பதினொன்றுக்கு வீடு வந்து அப்படியே படுத்துவிடுவேன். சித்திரையில் போனேன். நாற்காலியில் சாய்ந்து, வழக்கம்போல் எண்களை மனதுக்குள் எழுதிக்கொண்டே வந்தேன். த்ரீ, த்ரீ, டூ. த்ரீ, ஃபோர், த்ரீ. கீழ் இடப்பக்கம் வந்தது. "ஃபைவ். ப்ளீடிங்."

கருவியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "குட்டி பிரஷ் போடறீங்களா?"

"மூணு நாளா விட்டுப்போச்சுங்க மேடம். மண்டில வேலை."

"பாத்தா மூணு நாள் மாதிரி தெரியலீங்களே" என்றபடி நர்ஸ் பக்கம் திரும்பி, "மறுபடியும் எழுதிக்கம்மா, ஃபைவ்" என்றார்.